ஏழு பத்து வண்டியின் தவமணி அக்கா

செய்தி வந்தபோது நான் வேதியியல் நோட்டில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே உள்ளே வந்து, "கைகாட்டில நம்ம தவமணிய வேன் அடிச்சிருச்சாம்டி" என்றார். நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "அக்கா அங்க எதுக்கு நின்னாங்க?" என்று கேட்டேன்.

எதற்கு நின்றார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆவாரம்வயலில் தெரியாதவர் ஒருவரும் இல்லை. கைகாட்டி என்பது திருச்சி சாலையிலிருந்து எங்கள் ஊர்ச் சாலை பிரிகிற இடம். கீரனூரிலிருந்து ஊருக்குள் வரும் மாலை ஆறே கால் வண்டியை நிறுத்திய நாளிலிருந்து, அங்கே வேலைக்குப் போகும் பெண்கள் வேறு ஏதாவது பேருந்தில் ஏறிக் கைகாட்டியில் இறங்குகிறார்கள். அங்கிருந்து ஊர் மூன்று கிலோமீட்டர். தெரிந்தவர் யாராவது வண்டியில் ஏற்றிக்கொள்வார்களா என்று சாலை ஓரத்தில் நிற்கிறார்கள். அன்று மற்ற பெண்கள் ஒரு டிராக்டரில் ஏறிவிட்டார்கள். இடம் போதவில்லை என்று அக்கா அடுத்ததற்காக நின்றார்.

மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. சாலையோரம் நின்றிருந்த பெண் மீது வேன் மோதியது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார், போலீசார் விசாரிக்கிறார்கள். ஏன் நின்றிருந்தார் என்று ஐந்தாவதாக ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஐந்தாவது வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கீரனூருக்குப் போகும் நம் காலை ஏழு பத்து வண்டியில் அவரோடு வந்த உங்களுக்கு முக்கால்வாசி தெரிந்த கதைதான். தெரியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

தவமணி அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. கீரனூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பார். பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று யார் என்ன கேட்டு வந்தாலும் மனுவைத் தட்டச்சு செய்து கொடுப்பார். கணவர் முருகேசன் மாமா விவசாயம் பார்க்கிறார். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அக்கா ஒன்றைச் சொல்லாமல் அனுப்பமாட்டார். "அசலை எவன் கேட்டாலும் குடுக்காதீங்க. அசலைக் காட்டுங்க, நகலைக் குடுங்க, அசலைத் திரும்ப வாங்கி மடியில வச்சுக்கங்க." ஒரு பெரியவர் தன் ஆதார் அட்டையை மனுவோடு சேர்த்துக் குத்தக் கொடுத்தபோது, "அய்யா, ஒங்களையே குத்திக் குடுக்கிறீங்களே" என்று அக்கா அதைப் பிடுங்கி அவர் சட்டைப் பையில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அக்கா பழக்கமானது பேருந்தில்தான். ஏழு பத்து வண்டியில் உட்கார இடம் கிடைத்தவர்கள், நிற்பவர்களின் பைகளை மடியில் வாங்கிக்கொள்வது நம் வழக்கம். அக்காவின் மடியில் எப்போதும் ஐந்தாறு பைகள் இருக்கும். என் பையையும் வாங்குவார். வாங்கியவர் சும்மா இருக்கமாட்டார். உள்ளே இருக்கும் நூலகப் புத்தகத்தை எடுத்து நேரே கடைசிப் பக்கத்தைப் படிப்பார். படித்துவிட்டு, "கடைசில அந்த டாக்டர் செத்துப்போறான்டி, சும்மா வீணாப் படிக்காத" என்பார். இப்படி நான்கு நாவல்களின் முடிவை எனக்குச் சொல்லிவிட்டார். நான் கோபித்துக்கொண்டு ஒருநாள் பையைக் கொடுக்காமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு நின்றேன். "வக்கீலம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு. இங்கிட்டுக் குடு. இனிமே மொதப் பக்கத்த மட்டும் படிக்கிறேன்" என்று வாங்கினார். மறுநாளே கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், நின்றுகொண்டே வந்தவர், எல்லோருக்கும் கேட்கும்படி, "ஓசி டிக்கெட்டெல்லாம் சீட்டைப் புடிச்சுக்கிட்டா காசு குடுத்தவன் எங்கிட்டுப் போயி ஒக்கார்றது?" என்றார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பூக்காரம்மா சின்னப்பொண்ணு தன் கூடையோடு எழுந்தே விட்டார். அக்கா மட்டும் ஆறு பைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, மிக மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணே, ஒங்க தோட்டத்து மோட்டாருக்கு மாசம் கரண்டு பில்லு எம்புட்டு வருது?"

அவர் விழித்தார். விவசாய மோட்டாருக்கு மின்கட்டணம் இல்லை என்று வண்டியில் எல்லோருக்கும் தெரியும். "அது வேற, இது வேற" என்றார்.

"வேறதாண்ணே. நீங்க ஓசிக் கரண்டுல தண்ணி பாச்சுறீங்க. நாங்க ஓசிப் பஸ்ஸுல வேலைக்குப் போறோம். ரெண்டு பேரும் சோத்துக்குத்தானே? சின்னப்பொண்ணக்கா, நீ ஒக்காரு."

வண்டியே சிரித்தது. ஆனால் அந்தச் சொல் பெண்களின் மனத்தில் தைத்துவிட்டது. கட்டணம் இல்லாவிட்டாலும் சுழியம் என்று அச்சடித்த ஒரு சீட்டை நடத்துநர் தர வேண்டும், நாம் வாங்க வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் வாங்கவில்லை. கண்டக்டர் பழனிவேல் அண்ணன் நீட்டினால், "வேணாம்ண்ணே, நீங்களே வச்சுக்கங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காசில்லாத சீட்டுக்குக் கை நீட்டுவது மானக்கேடு என்று நினைத்தார்கள். அவ்வளவு பேசிய தவமணி அக்காவும் வாங்கவில்லை. நான் இதை மறைக்க விரும்பவில்லை. "ஏறிட்டோம், எறங்கப் போறோம், நடுவுல எதுக்கு அந்தத் துண்டுப் பேப்பரு?" என்பார். பழனிவேல் அண்ணனும் நெரிசலில் தெரிந்த முகங்களை வற்புறுத்தவில்லை. மாணவிகளான எங்களிடம் பாஸ் இருந்தது. அதைக் காட்டினால் போதும்.

மாலை வண்டியை நிறுத்தியதும் அக்கா பணிமனைக்குப் போய்க் கேட்டார். "எங்க கையில ஒண்ணும் இல்லம்மா, ஆணையம் நிதி குடுக்கல" என்றார்கள். எந்த ஆணையம் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பொதுப் போக்குவரத்துக்கு அரசு தரும் நிதி எந்தத் தடத்துக்குப் போக வேண்டும் என்று மேற்பார்வை செய்ய மாநில அளவில் ஓர் ஆணையம் இருக்கிறது என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன் விதிகளைத் தேடிப் பிடித்து அக்கா தன் கடையில் அச்சடித்தார். பதினான்கு பக்கம். "நீதானே எல்லாப் புத்தகத்தையும் மொதல்லருந்து படிக்கிறவ. படிச்சுச் சொல்லு" என்று என்னிடம் கொடுத்தார்.

நான் மூன்று முறை படித்தேன். எனக்குப் புரிந்தவரை, அந்த ஆணையம் இருப்பதே லாபம் வராத தடங்களுக்காகத்தான். லாபம் வரும் தடத்தை ஓட்ட யாருடைய மேற்பார்வையும் தேவையில்லை. வேறு வழியில்லாத மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து, நட்டம் வந்தாலும் அங்கே வண்டி ஓட நிதி தரச் சொல்வதுதான் அதன் வேலை. மக்களிடம் நேரில் கேட்க வேண்டும் என்றும் இருந்தது. கேட்க முடியாத இடத்தில் பயணிகள் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யலாம் என்று ஒரு துணை விதியும் இருந்தது. ஆணையம் பதினான்கு பக்கத்தில் அந்தத் துணை விதியை மட்டும் படித்திருந்தது. அக்கா நாவலின் கடைசிப் பக்கத்தைப் படிப்பதைப் போல என்று சொல்லலாம். ஆனால் அதனால் எனக்கு மட்டும்தான் கோபம் வந்தது. இதனால் ஓர் ஊர் நடுச்சாலையில் நின்றது.

அக்கா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டார். பதில் வந்த நாளை ஏழு பத்து வண்டி மறக்காது. அக்கா எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தார். ஆவாரம்வயல் நிறுத்தத்தில் காலை நடையில் ஏறுவோர் சராசரியாக ஏழு பேர்.

"ஏழு பேராம்டி! மத்தவளெல்லாம் பேயா? சின்னப்பொண்ணக்கா கூடை மட்டுமே ரெண்டு ஆளு வருமே!"

படியில் தொங்கியவர்கள்கூடச் சிரித்தார்கள். பழனிவேல் அண்ணன் சிரிக்கவில்லை. சீட்டுக் கொடுக்கும் இயந்திரத்தைத் தடவிக்கொண்டே மெல்லச் சொன்னார்: "இந்த மெசின்ல அடிச்ச டிக்கெட்டுதான் கணக்குக்குப் போகுதுக்கா. ஆம்பளைங்க ஏழு பேரு வாங்குறாங்க. நீங்க யாரும் வாங்கலையே."

சிரிப்பு நின்றுவிட்டது. வண்டி குளத்துக் கரையில் திரும்பியது. அக்கா உட்கார்ந்தார். பிறகு கையை நீட்டி, "ஒண்ணு குடுங்க" என்றார். வாங்கிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்ணலைன்னா நாம இல்லைன்னு எழுதிருவாங்கடி" என்று என்னிடம் சொன்னார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

இங்கே எனக்கு ஒரு கேள்வி. சீட்டு வாங்காதது எங்கள் தவறு, சரி. ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆணையத்திலிருந்து ஒருவர் அந்த நிறுத்தத்தில் வந்து நின்றிருந்தால் போதாதா? கண் இருக்கிறவருக்குத் தெரிந்திருக்காதா, அது ஏழு பேர் ஏறுகிற வண்டியா என்று? படிக்கட்டில் பை மாட்டிக் கிழிந்த என் சீருடையைக் காட்டியிருப்பேனே!

அவர்கள் வரவில்லை. எங்களைத்தான் வரச் சொன்னார்கள். புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்தில் ஆணையத்தின் கருத்துக் கேட்பு நடந்தது. காலை பத்து மணிக்கு என்று கடிதத்தில் இருந்தது. அக்கா ஒரு நாள் சம்பளத்தை விட்டும், பூக்காரம்மா ஒரு நாள் பூவை விட்டும், நான் ஓர் இயற்பியல் தேர்வை விட்டும் போனோம். எங்களை அழைத்தபோது மணி ஒன்றாகியிருந்தது. மூன்று நிமிடம் என்றார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி மடிக்கணினியைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒங்க ஊர்ல பஸ்ஸுக்கு டிமாண்டே இல்லையேம்மா."

"டிமாண்ட் இல்லாமத்தான் வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறோமா சார்?"

"டேட்டா அப்படித்தான் சொல்லுது."

"அந்த டேட்டாவுல நான் இல்ல சார். ஆனா ஒங்க முன்னாடி நிக்கிறேன். இப்ப நீங்க எதை நம்புவீங்க, பேப்பரையா, என்னையா?"

அவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "பேப்பரைத்தாம்மா" என்றார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. நகைச்சுவையாகச் சொன்னதாகவே அவர் நினைத்தார்.

நான் விதியின் மூன்றாம் பக்கத்தை விரித்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர் ஒருவர் எழுதச் சொன்னார்: ஒரு மாதத்துக்குள், முன்னறிவிப்பு இல்லாமல், ஏதாவது ஒரு நாளில் ஆட்கள் வந்து எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் காலை வண்டியும் நிற்கும், அதுவரை ஓடும். மாலை வண்டி நின்றது நின்றதுதான். வெளியே வந்ததும் பூக்காரம்மா, "என்னாத்தா சொன்னாங்க, பஸ்ஸு உண்டா இல்லையா?" என்று கேட்டார். "நம்மள எண்ணிப் பாக்க வாராங்களாம்க்கா. ஆட்டுக்குட்டியச் சந்தையில எண்ணுவாங்கள்ல, அப்படி" என்றார் அக்கா. அதன்பிறகு எங்களுக்கு ஆளுக்கொரு எலுமிச்சைச் சாறு வாங்கித் தந்தார்.

அந்த மாதத்தை நான் மறக்கமாட்டேன். காலையில் அக்கா வண்டியில் ஏறியதும் முதல் வேலை, "காட்டுங்கடி" என்பது. எல்லோரும் சீட்டைக் காட்ட வேண்டும். வளையலுக்குள் செருகியிருப்பார்கள், வாயில் கவ்வியிருப்பார்கள், கைப்பேசி உறைக்குள் வைத்திருப்பார்கள். பூக்காரம்மாவுக்குத்தான் மனம் வரவே இல்லை. "அறுவது வயசுக்கு மேல ஓசின்னு கை நீட்டச் சொல்றியே தவமணி" என்றார். அக்கா யோசித்தார். "நீ பஸ்ஸுக்காகக் கை நீட்டல. நான் இங்கன இருக்கேன்னு கை தூக்குற. பள்ளிக்கொடத்துல பேரு கூப்புட்டா உள்ளேன் அய்யான்னு சொல்றோம்ல, அதான்" என்றார். மறுநாள் பூக்காரம்மா சீட்டை வாங்கும்போது வண்டி அதிரும்படி, "உள்ளேன் அய்யா!" என்றார். அதன்பிறகு எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். பழனிவேல் அண்ணனுக்கு வெட்கமும் சிரிப்புமாக இருந்தது. மாலை நேரங்களில் அதே பெண்கள் கைகாட்டியில் இறங்கி, சாலை ஓரமாகவே நின்றார்கள்.

இப்படிப் பத்தொன்பது நாட்கள் ஆயின. இருபதாம் நாளில்தான் அக்காவின் உடலுக்காக நாங்கள் காத்திருந்தோம்.

நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் உடலை எடுக்கும்வரை யாரும் வெளியூருக்கு வேலைக்குப் போகமாட்டோம். யாரும் உத்தரவு போட்டதில்லை. போகத் தோன்றாது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வர மதியமாகும் என்றார்கள். ஆனாலும் விடிந்ததிலிருந்து எல்லோரும் அக்கா வீட்டின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா வீடு பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ப்புறம் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஏழு பத்து வண்டி ஏழு பத்துக்கு வந்தது. ஒலியெழுப்பியது. யாரும் எழுந்திருக்கவில்லை. பழனிவேல் அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. இறங்கி ஓடி வந்தார். தோளில் இயந்திரத்தோடு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முருகேசன் மாமாவின் கையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வந்தவர் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, சொல்லாமலே திரும்பிப் போனார். வண்டி போய்விட்டது.

அவர் சொல்ல வந்தது என்ன என்று பிறகுதான் தெரிந்தது. எண்ணும் ஆட்கள் இரண்டு பேர் அன்றைக்குத்தான் வண்டி புறப்படும் ஊரிலேயே ஏறியிருந்தார்கள். நம் நிறுத்தத்தில் ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்திருக்கிறார்கள், அத்தனை பெண்களும் மண்ணில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். வண்டி கிளம்பியதும் பழனிவேல் அண்ணன் அவர்களிடம் போய்ச் சொன்னாராம். அவர் என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

"சார், ஊரே துக்கத்துல இருக்கு. நாளைக்கு வாங்க, படியில நிக்க எடம் இருக்காது. செத்தது யாருன்னு தெரியுமா? புதுக்கோட்டைல ஒங்க ஆபீசர்கிட்ட வந்து பேசுச்சே ஒரு அக்கா, அதுதான்."

"அப்படியா, பாவம்" என்றாராம் அவர்களில் ஒருவர். பிறகு படிவத்தில் ஏறியோர் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாராம்.

"துக்கம்னாவது எழுதுங்க சார்."

"ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்லப்பா."

எங்களை எண்ணுவதற்கு ஒரு மாதத்தில் எத்தனை நாள் இருந்தது! அதில் ஒரு நாளை எடுத்தார்கள். அதுவும் இந்த நாள் என்று தெரிந்த பிறகும் எழுதினார்கள். அடுத்த நாள் ஒருமுறை வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? நான் அந்தப் பதினான்கு பக்கத்தை மறுபடி படித்தேன். ஒரு நாளைக்கு மேல் எண்ணக்கூடாது என்று எங்கேயும் இல்லை.

ஆணை அக்கா இறந்த பத்தாம் நாள் வந்தது. மனுதாரர் திருமதி தவமணி என்று அக்கா பெயருக்கே வந்தது. போதிய பயணிகள் இல்லாததால் காலை நடைக்கும் இந்த மாத இறுதியோடு நிதி நிறுத்தப்படுகிறது என்றும், மறுப்பு இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்றும் இருந்தது. முருகேசன் மாமா உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "நீதானே அவளுக்குப் படிச்சுச் சொல்லுவ. எனக்கும் படி" என்றார். நான் படித்து முடித்ததும் மாமா தாளை வாங்கி மடித்தார். பிறகு, "அவ எந்திரிச்சு வந்திருந்தா நம்மளையெல்லாம் வெளக்கமாத்தால அடிச்சிருப்பா. என்னையப் பாத்துக்கிட்டு ஏண்டி ஒக்காந்திருக்கீங்க, போயி வண்டியில ஏறுங்கடின்னு வெரட்டியிருப்பா" என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த பூக்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ வெரட்டுனாலும் நான் போயிருக்கமாட்டேன்யா. அவளப் போட்டுட்டு உள்ளேன் அய்யான்னு எந்த வாயால சொல்றது?"

இரண்டுமே உண்மை. அந்த மாதத்தின் ஒவ்வொரு நாளும் எண்ணும் ஆட்கள் வரலாம் என்று அத்தனை பேரையும்விட நன்றாகத் தெரிந்தவள் நான். அன்று ஏழு பத்துக்கு ஒலி கேட்டபோது எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை. நான்கு பேரையாவது எழுப்பி ஏற்றி அனுப்பியிருக்கலாமே என்று பல முறை நினைத்துவிட்டேன். ஆனால் இறந்தவருக்காக உட்கார்ந்திருந்த ஓர் ஊரை, ஊரே இல்லை என்று எழுதியவர்கள் தலைகுனியாமல் இருக்கும்போது, நாங்கள் மட்டும் ஏன் குனிய வேண்டும்? அன்று வண்டி காலியாகப் போனதுதான் அந்த வண்டியில் எத்தனை பேர் போகிறோம் என்பதற்கு ஆதாரம். இதைப் புரிந்துகொள்ள ஓர் ஆணையம் வேண்டியதில்லை.

மறுப்பு மனுவை நான் எழுதினேன். அக்காவின் கடையிலேயே தட்டச்சு செய்தேன். கடை முதலாளி அக்காவின் நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னால் அதில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே இரண்டு விரலால் அடித்து முடித்தேன். இறந்தவர் வீட்டின் முன் அன்று உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவரும் பெயரெழுதிக் கையெழுத்திட்டார்கள். பூக்காரம்மா ரேகை வைத்தார். செய்தித்தாளின் நான்கு வரியையும் இணைத்தேன். மனுவின் கடைசியில் ஐந்தாவது வரியை எழுதினேன்: மாலை ஆறே கால் வண்டி ஓடியிருந்தால் தவமணி அங்கே நின்றிருக்கமாட்டார்.

இன்னும் ஒன்றையும் இணைக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் தந்த உறையில் அக்காவின் மூக்குக்கண்ணாடி, சிறிய பர்ஸ், அதற்குள் அன்று காலைச் சீட்டு ஆகியவை இருந்தன. ஆவாரம்வயல் முதல் கீரனூர் வரை, சுழியம். முருகேசன் மாமா அதை என்னிடம் தந்தார். அந்தச் சீட்டுகளின் எழுத்து சில வாரங்களில் மங்கிவிடும். இப்போதே 'கீரனூர்' என்பதில் பாதிதான் தெரிகிறது. காலையில் அக்கா போனதற்குச் சீட்டு இருக்கிறது. மாலையில் திரும்பி வருவதற்குச் சீட்டுக் கொடுக்க வண்டி இல்லை.

அடுத்த வாரம் புதுக்கோட்டையில் மறுபடி கேட்பு. ஏழு பத்து வண்டியில் எல்லோரும் போகிறோம். முதல் ஆளாகக் கை நீட்டப்போவது தான்தான் என்று பூக்காரம்மா சொல்லிவிட்டார். இந்த முறை மூன்று நிமிடம் தொடங்கியதும் மூன்றாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பேன். அவர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசிப் பக்கத்தை முதலில் படித்துச் சொல்கிறவர் இப்போது இல்லை.

ஆதாரங்களை இணைக்கும்போது முதலாளி, "டிக்கெட்டு அசலையே வச்சிரும்மா, அப்பத்தான் நம்புவாங்க" என்றார். நான் அக்காவின் ஜெராக்ஸ் இயந்திரத்தில் அதை வைத்து மூடியை மூடினேன். வெளிச்சம் ஒருமுறை ஓடித் திரும்பியது. நகலை மனுவோடு சேர்த்துக் குத்தினேன். அசல் என்னிடம் இருக்கிறது.